நீ செய்த பிழை ஒன்றைப் பற்றி எழுதுக

தில்லைநாதன் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. இங்கிலீசில் அச்சடித்த எந்தக் கடதாசி அந்தப் படலைக்குள் நுழைந்தாலும் அது நேரே மருமகள் கஜனியின் கைக்குத்தான் போகவேண்டும். வங்கிக் கடிதமாக இருக்கட்டும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த துண்டாக இருக்கட்டும், கஜனி வாசித்துத் தமிழில் சொல்லுவாள். மாமனார் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி "ம்ம்" கொட்டுவார். நயினாதீவிலேயே வீட்டுக்குள் ஒரு இங்கிலீசு ரீச்சரை வைத்திருக்கும் ஆள் தான்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. மனுசனுக்கு வேறென்ன பெருமை மிச்சம், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நிலக்சனா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்தாள். வந்தவள் விறாந்தைப் படியிலேயே நின்றுவிட்டாள். அவள் மேசையில் புத்தகத்துக்கு அடியில் மறைத்து வைத்துவிட்டுப் போன இரண்டு தாளும் அப்பாவின் கையில் இருந்தன. அப்பாவின் கை கஜனியை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.

"அப்பா! அது வேண்டாம். அது பிழையான பேப்பர்!"

"பிழையெண்டால் திருத்தத்தானே மச்சாள் இருக்கிறா," என்றார் தில்லைநாதன். "வீட்டிலை ரீச்சரை வைச்சுக்கொண்டு நீ ஏன் தனிய மல்லுக்கட்டுறாய்? இந்தாரும் பிள்ளை, ஒருக்காப் பாரும். இண்டைக்கு அஞ்சு மணிக்கு முதல் அனுப்பவேணுமாம்."

கஜனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனையை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக் கொப்பியைத் திருத்த இருப்பதுபோலவே இருந்தாள். அந்தத் தாளைப் பறித்துக் கிழித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கிழித்தால் என்ன, ஏன் என்று அப்பா துருவித் துருவிக் கேட்பார்.

அப்படி என்னதான் அதில் எழுதியிருந்தது? சொல்லத்தான் வேண்டும்.

நிலக்சனா தில்லைநாதனின் கடைக்குட்டி. வயது இருபத்திரண்டு. உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவபீடம் மயிரிழையில் தவறிப்போய், ஒரு வருடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தவள். பிறகு, சும்மா இருந்து என்ன செய்கிறது என்று, தீவில் நடக்கும் தாய்சேய் கிளினிக்குக்கு, பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதுக்கு ஒத்தாசையாகப் போனாள். குழந்தைகளை நிறுத்தாள், கொப்பி எழுதினாள், வயிற்றில் கைவைத்துப் பார்க்கப் பழகினாள். அங்கேதான் விசர் பிடித்தது. படித்தால் மருத்துவமாதுப் படிப்புத்தான், அதுவும் இங்கிலாந்தில் பட்டமாகத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். லண்டனில் இருந்த பெரியம்மாவின் மகன், இந்த வருடம் என்றால் செலவுக்குத் தான் பொறுப்பு, அடுத்த வருடம் தன் பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டான். ஆகவே இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

விண்ணப்பத்துக்கு எல்லாம் இருந்தது. சான்றிதழ் இருந்தது, சோதனைப் புள்ளி இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இடக்குப் பண்ணியது. தன்னைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதவேண்டும். ஸ்ரேற்மென்ற் என்றார்கள். அவள் முதலில் எழுதியதை யாழ்ப்பாணத்தில் விண்ணப்பங்கள் அனுப்பிக் கொடுக்கும் கிறிஸ்ரி சேர் வாசித்துவிட்டு மேசையில் போட்டார். மாத்தறையில் அப்பப்பாவின் கடை எரிந்த கதை, இடம்பெயர்ந்து போன கதை, மண்ணெண்ணெய் விளக்கில் படித்த கதை. மண்ணெண்ணெய் விளக்கில் இவள் ஒருநாளும் படித்ததில்லை என்பது வேறு விசயம்.

"பிள்ளை, இஞ்சை இருந்து போற நூறு பேரும் எரிஞ்ச கடையைத்தான் எழுதுகினம்," என்றார் கிறிஸ்ரி சேர். "அது உம்மடை கொப்பற்றை கதை. கேள்வியை வாசிச்சனீரோ? நீர் செய்த பிழை ஒண்டை எழுதி, அதிலை என்ன படிச்சனீர் எண்டு கேட்டிருக்கினம். பிழையே செய்யாத ஆளை அவையள் பிள்ளைப்பேறு வாட்டுக்குள்ளை விடமாட்டினம். செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு முதல் அனுப்பும். அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

அப்போதுதான் அவள் அந்த வெள்ளிக்கிழமையை எழுதினாள்.

போன வருடம் ஆவணி மாதம். கஜனிக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. புருசன் கீர்த்திகன் யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை, கிழமை முடியத்தான் வருவான். காலை பத்தேகாலுக்குக் கஜனிக்கு வயிற்று நோ கண்டது. வயிறு பலகைபோல் இறுகிக் கிடந்தது. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் பதிந்த கொப்பி, அங்கேதான் கொண்டுபோகவேண்டும். றெக்ஷன் என்ற போட்காரப் பெடியனுக்குச் சொல்லி, அவன் இறங்குதுறையில் எஞ்சினையும் ஸ்ராட் பண்ணி வைத்துக்கொண்டு நின்றான். தில்லைநாதன் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு இராகு காலம் தொடங்குகிறது. தலைப்பிள்ளை, ஆம்பிளைப்பிள்ளை என்று சாத்திரி சொல்லியிருந்தான். பன்னிரண்டு மணிவரை பொறுக்கச் சொன்னார். பொறுத்தார்கள். பன்னிரண்டு பத்துக்குப் போட்டில் ஏற்றிக் குறிகாட்டுவான் துறையில் இறக்கி, வாகனத்தில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றே முக்கால். குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டிருந்தது. ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் நிலக்சனாவிடம் சொன்னார். வீட்டில் எல்லாருமாகக் கூடிக் கஜனிக்கு வேறு சொன்னார்கள்: முதல் நாளே வயிற்றுக்குள் போய்விட்டது, எப்போது கொண்டுபோயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்கேலாது.

அந்தப் பொய்யை வைத்துத்தான் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது. பதினான்கு மாதமாக மாமனாருக்கு மருமகள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், கடிதம் வாசித்துக் காட்டினாள். இப்போது அந்தப் பொய்யை உடைக்கிற தாளை அந்த மனுசனே எடுத்து அவளுடைய கையில் கொடுத்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு இருந்தார். இதைவிட ஒரு அநியாயம் உண்டா?

கஜனி முதல் தாளில் இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு போட்டாள். தாளைத் திருப்பினாள். இரண்டாவது தாளில் பேனை ஓடவில்லை. அவளுடைய கண் மட்டும் இடமும் வலமுமாகப் போனது. ஒரு இடத்தில் நின்றது. திரும்ப மேலே போய் அதையே வாசித்தது. நிலக்சனா துவாயை இழுத்து வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

அம்மா நாகபூசணி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். அவளுக்கு இந்த அமைதி ஒன்றும் விளங்கவில்லை.

"எல்லாஞ் சரி மேனை, அனுப்பிறதை நாலரைக்குப் பிறகு அனுப்பு. செவ்வாய்க்கிழமை, மூண்டிலை இருந்து நாலரை மட்டும் இராகு..."

"நிப்பாட்டு!"

தில்லைநாதன் போட்ட சத்தத்தில் தட்டத்தில் கோப்பைகள் கிலுங்கின. "அந்தப் பேச்சு இந்த வீட்டிலை வேண்டாமெண்டு சொன்னனானோ இல்லையோ?" நாகபூசணி தட்டத்தைக் குட்டி மேசையில் வைத்தாள். கஜனி தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு அவரே சமாளித்துக்கொண்டார். "சரி பிள்ளை, வாசிச்சு முடிஞ்சுதே? தமிழிலை சொல்லும் பாப்பம். என்ரை மோள் என்னத்தைத்தான் எழுதியிருக்கிறாள்?"

செத்தேன் என்று நினைத்தாள் நிலக்சனா. ஓடிப்போய்க் கிணற்றுக்குள் குதிக்கலாம் போலிருந்தது. உண்மையாகத்தான். கஜனி தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். வகுப்பில் வாசிக்கும் குரலில் தொடங்கினாள்.

"'என்னுடைய அப்பப்பா மாத்தறையில் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றாம் ஆண்டு அது எரிந்து போனது. அப்போது என் தந்தைக்கு இருபத்தொரு வயது. அவர் ஊருக்குத் திரும்பி, ஒரு தராசை மட்டும் வைத்துக்கொண்டு இறங்குதுறை வீதியில் புதுக்கடை தொடங்கினார். யாரிடமும் கையேந்தாமல் எங்களைப் படிப்பித்தார்.'"

அதில் ஒரு சொல்கூட அந்தத் தாளில் இல்லை. நிலக்சனா மச்சாளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. தில்லைநாதன் சால்வைத் தொங்கலால் கண்ணைத் துடைத்தார்.

"அது சரி," என்றார் அவர். "பிழை ஒண்டைப் பற்றி எழுதச் சொன்னவையெண்டு இவள் சொன்னவள். அது எங்கை?"

கஜனி தாளை மறுபக்கம் திருப்பினாள்.

"இருக்குது மாமா. 'கிளினிக்கில் ஒருநாள் ஒரு குழந்தையின் நிறையைக் கொப்பியில் மாற்றி எழுதிவிட்டேன். அடுத்த நாள் அந்த வீட்டுக்கு நடந்துபோய், மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன்.'"

"இவ்வளவுதானோ? சின்னப் பிழைதான். நல்லது, நல்லது."

"இங்கிலீசு கொஞ்சம் திருத்தக் கிடக்கு," என்று கஜனி எழும்பினாள். "நிலா, உம்மடை லப்ரொப்பை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ளை வாரும்."

குசினிக்குள் போனதும் கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். நிலக்சனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மச்சாள், இதை அனுப்பமாட்டன். பழசை அனுப்பிறன். கிடைக்காட்டில் கிடைக்காமல் போகட்டும். நான் இப்பிடி எழுதினதை அண்ணைக்குச் சொல்லாதேங்கோ. உங்கடை காலிலை விழுறன்."

"காலிலை விழுந்து என்ன செய்யப்போறீர்? இரும்." கஜனி கதிரையை இழுத்துப் போட்டாள். தான் இருக்கவில்லை. "நோ எத்தினை மணிக்குத் துவங்கினது எண்டு எழுதியிருக்கிறீர்?"

"பத்தேகால்."

"ஆஸ்பத்திரியிலை டொக்டர் கேக்கேக்கை எத்தினை மணியெண்டு சொன்னனீர்?"

நிலக்சனா லப்ரொப்பை மேசையில் வைத்தாள்.

"பன்னிரண்டு எண்டு சொன்னனீர். நான் கட்டிலிலை கிடந்தனான், எனக்குக் காது அடைக்கேல்லை. எனக்கு என்ன சொன்னனீங்கள்? முதல் நாளே போட்டுது எண்டு. முதல் நாள் போன பிள்ளை போட்டிலை எப்பிடி உதைக்கும்?"

"மச்சாள்..."

"நடுக்கடலிலை ஒருக்கா உதைச்சவன். இந்தப் பக்கம், விலாவுக்குக் கீழை. அதோடை சரி." கஜனி தன் இடது பக்கத்தில் கையை வைத்துக் காட்டினாள். குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் நிலக்சனாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்கு எல்லாம் தெரியும். நீங்கள் ஆறுதலுக்குச் சொல்லுறியள் எண்டு நானும் நம்பின மாதிரி இருந்தன். மாமா அந்தப் பஞ்சாங்கத்தைச் சுவரிலை இருந்து கழட்டிக் கொண்டுபோய் அடுப்பிலை போட்டதையும் பாத்தனான். அந்த மனுசனோடை எனக்குச் சண்டை பிடிக்க மனமில்லாமல் போச்சு."

குசினி மணிக்கூட்டில் மூன்று ஐம்பது. வெளியில் தில்லைநாதன் யாரோடோ போனில் தன் மகள் எழுதிய கட்டுரையைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். எரிந்த கடை, ஒற்றைத் தராசு எல்லாம் வந்தது.

கஜனி தாளை மேசையில் விரித்தாள். சிவப்புப் பேனையால் ஒரு வரியின் கீழ் கோடு போட்டாள். இரண்டாம் முறையும் போட்டாள், தாள் கிழிகிறமாதிரி.

"ஆனா இது பொய்."

நிலக்சனா குனிந்து பார்த்தாள். 'எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் பேசுவதில்லை. என் தந்தை தீர்மானித்தார். நான் மௌனமாக இருந்தேன். அந்த மௌனமே என் பிழை.' கிறிஸ்ரி சேர் வாசித்துவிட்டு, இதுதான் பிள்ளை, இதுதான் என்று மேசையில் தட்டிய வரி அது.

"நீர் மௌனமா இருக்கேல்லை," என்றாள் கஜனி. "அறைக்கும் விறாந்தைக்கும் நடுவிலை ஒரு சீலைதான் தொங்கினது. எனக்குக் கேட்டது."

பதினான்கு மாதமாக அவள் யாருக்கும் சொல்லாதது அது. தனக்கே சொல்லாதது. எழுதும்போதுகூட அந்த இடத்துக்கு வந்ததும் விரல் தானாக வேறுபக்கம் போனது, அவளும் விட்டுவிட்டாள்.

அன்றைக்குத் தில்லைநாதன் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. அவருக்கும் பயம் இருந்தது. மகளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "நிலா, நீ கிளினிக்கிலை நிண்டு பழகினனி. ஒண்டரை மணித்தியாலம் பொறுக்கலாமோ?" அவளுடைய கை அப்போதுதான் கஜனியின் வயிற்றிலிருந்து வந்திருந்தது. அப்படி இறுகின வயிறென்றால் ஒரு நிமிசமும் நிற்காதே என்று மருத்துவமாது படித்துப் படித்துச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அவள் சொன்னாள்: "ஓம் அப்பா. பொறுக்கலாம்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" கஜனி கேட்டாள். "இவ்வளவு நாளும் அது ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. மாமாவுக்குத் தெரியாது, சரி. உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்ப?"

நிலக்சனா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பா என்னை ஒரு விசயம் கேட்டது அதுதான் முதல் தரம், மச்சாள். எப்பவும் அண்ணையைத்தான் கேப்பார். இல்லையெண்டு சொல்லி, எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு ஓடி, அங்கை போய் ஒண்டுமில்லை சும்மா நோ எண்டால், அரைகுறைப் படிப்பு எண்டு சிரிப்பினம் எண்டு நினைச்சன்."

"சிரிப்பினம் எண்டு."

"ஓம்."

கஜனி தண்ணித் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பைப்பைத் திறந்துவிட்டு, கழுவுவதற்கு ஒன்றும் இல்லாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிலக்சனா வாங்கக்கூடிய எல்லாத்துக்கும் தயாராக இருந்தாள். அடி, பேச்சு, இந்த வீட்டில் இனி ஒரு நிமிசம் இருக்கமாட்டேன் என்கிற சொல். அந்தச் சொல்தான் வரப்போகிறது என்று நினைத்தாள். அண்ணனும் மச்சாளும் போய்விட்டால் அப்பா அம்மாவின் கதி என்ன என்று நினைத்தாள்.

கஜனி பைப்பைப் பூட்டினாள்.

"லப்ரொப்பைத் திறவும். அந்தப் பந்தியை முழுக்க அழிச்சுப்போட்டு, இப்ப எனக்குச் சொன்னதை அப்பிடியே எழுதும். உம்மடை பிழையைத்தான் கேட்டிருக்கினம். மாமாவின்ரை பிழையை எழுதி, உம்மடை எண்டு பேர் போடாதேயும். அவையள் இதைப் படிச்சு உம்மை உள்ளுக்கை எடுத்தால், நாளைக்கு ஆரோ ஒருத்தியின்ரை வயித்திலை நீர் கை வைக்கப்போறீர்."

நாலு ஐந்துக்கு எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. கஜனி பின்னால் நின்று பார்த்தாள். ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. 'இந்த இடத்திலை இறந்தகாலம்,' 'இந்த வசனம் நீளம், ரெண்டாக்கும்,' அவ்வளவுதான். 'குழந்தை இறந்தது' என்ற வரிக்கும் அதே குரலில் ஒரு திருத்தம் சொன்னாள். நிலக்சனாவால் தாங்க முடியாமல் போனது அந்த ஒரு இடத்தில்தான். மேசையில் தலையை வைத்துக் குமுறிக் குமுறி அழுதாள். "பேந்து அழும்," என்றாள் கஜனி. "நேரம் போகுது."

நாலு முப்பத்தைந்துக்கு ஒரு வடிவம் வந்தது. முடிவு மட்டும் இல்லை. அதிலிருந்து என்ன படித்தாய் என்ற கேள்விக்கு நிலக்சனா மூன்று வரி எழுதினாள். தைரியம், பொறுப்பு, விஞ்ஞானம் என்று பெரிய பெரிய சொல்லாய்ப் போட்டாள். கஜனி மூன்றையும் வெட்டினாள்.

"முடிவு இருக்கட்டும். முதல் இதை மாமாவுக்கு வாசியும்."

"ஐயோ மச்சாள், என்னாலை ஏலாது."

"ஏலும். அவர் ஊரெல்லாம் போன் பண்ணி அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது நான் வாசிச்ச பொய். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதி அனுப்பிறது எனக்குச் சரியாப் படேல்லை."

கொண்டியைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். நிலக்சனா லப்ரொப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். நாகபூசணி பூக்கட்டிக்கொண்டிருந்தாள். தில்லைநாதன் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார்.

"அப்பா, மச்சாள் முந்தி வாசிச்சது இதிலை இல்லை. இதிலை இருக்கிறதை நான் வாசிக்கிறன். முடியுமட்டும் ஒண்டும் சொல்லாதேங்கோ."

வாசித்தாள். இங்கிலீசைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல நாக்கு இடறியது. பத்தேகால் மணி என்றபோதே அவருடைய சிரிப்புப் போய்விட்டது. பஞ்சாங்கம் வந்தது, கேள்வி வந்தது, ஓம் அப்பா பொறுக்கலாம் வந்தது, டொக்டருக்குச் சொன்ன பொய் வந்தது. நாகபூசணியின் மடியிலிருந்து பூ நிலத்தில் கொட்டியது, அவள் பொறுக்கவில்லை. வாசித்து முடித்தபோது நாலு நாற்பத்தைந்து.

தில்லைநாதன் கதிரையை விட்டு எழும்பினார். மகளை அடிக்கப் போகிறார் என்றுதான் நாகபூசணி நினைத்து நடுவில் வந்தாள். அவர் அடிக்கவில்லை.

"நீ இல்லையெண்டு சொல்லியிருந்தாலும் நான் அனுப்பியிருக்கமாட்டன்," என்றார். "நீ ஓம் எண்டுறதுக்காகத்தான் உன்னைக் கேட்டனான். இல்லையெண்டிருந்தால், சின்னப்பிள்ளை உனக்கென்ன தெரியும் எண்டு சொல்லியிருப்பன். எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அதை நினைக்கிறனான். அதையும் எழுது."

"இல்லை அப்பா, நான் சொல்லியிருந்தால்..."

"நான் சொல்லுறன், எழுது! என்ரை பழியை நீ ஏன் காவுறாய்?"

"நான் தெரிஞ்சுகொண்டு சொன்னனான் அப்பா!"

தகப்பனும் மகளும் ஒரு பழிக்காக இழுபறிப்பட்டுக்கொண்டு நின்றார்கள். அழுதுகொண்டே சத்தம் போட்டார்கள். நாகபூசணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குசினி வாசலில் நின்ற கஜனியை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் பேசியபோதுதான் திரும்பினார்கள்.

"ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

கஜனி வாசற்படியைத் தாண்டி விறாந்தைக்கு வந்தாள்.

"மாமா பஞ்சாங்கத்தைக் கேட்டியள். பிறகு நிலாவைக் கேட்டியள். போட்டுக்குப் போன் பண்ணிப் பொறுக்கச் சொன்னியள். வயிறு என்ரை. நோ என்ரை. சீலைக்கு இஞ்சாலை ரெண்டு முழத்திலை கிடந்தனான். சீலையை விலத்தி, பிள்ளை உமக்கு எப்பிடியிருக்கு, போவமோ இருப்பமோ எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் போவம் எண்டிருப்பன். தவண்டெண்டாலும் போயிருப்பன்." மூச்சு வாங்கினாள். "ஆரும் கேளாமல் நானாவும் சொல்லேல்லை. மாமாவின்ரை வீட்டிலை மருமகள் எழும்பிச் சத்தம் போடுறதோ எண்டு கிடந்தனான். அது என்ரை பங்கு. அதை நான் வைச்சிருக்கிறன், நீங்கள் எடுக்கவேண்டாம்."

தில்லைநாதன் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நாகபூசணி மருமகளின் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

நிலக்சனா நிலத்தில் அப்படியே இருந்து லப்ரொப்பை மடியில் வைத்தாள். முடிவை எழுதினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். நோப்பட்டவளை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இனி ஒரு தாயின் பக்கத்தில் நிற்கக் கிடைத்தால், முதலில் அவளைக் கேட்பேன்.' நாலு ஐம்பத்திரண்டு. அவளுடைய போன் அடித்தது. கிறிஸ்ரி சேர். அடித்து அடித்து நின்றது.

"முடிஞ்சுதோ?" என்றார் தில்லைநாதன்.

"முடிஞ்சுது."

அவர் மகளை விட்டுத் திரும்பி, கஜனி நின்ற இடத்துக்கு இரண்டு எட்டு வைத்தார். அந்த மனுசன் அந்த வீட்டில் யாருக்கு முன்னாலும் அப்படி நின்று நிலக்சனா கண்டதில்லை.

"அனுப்பலாமோ பிள்ளை?" என்று கேட்டார். "நீர் வேண்டாமெண்டால் வேண்டாம். நீர் சொல்லும்."

கஜனி லப்ரொப்பை வாங்கிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள். முதலாம் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். நாலு ஐம்பத்தைந்து. கெதியாய் வாசியுங்கோ என்று சொல்ல நிலக்சனாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். நாலு ஐம்பத்தாறு. போன் திரும்ப அடித்தது. யாரும் அசையவில்லை. அந்தப் படிப்பு, லண்டன், அந்த ஒரே ஒரு வருடம் எல்லாம் கஜனியின் மடியில் கிடந்தது. அவள் இரண்டாவது பக்கத்துக்குப் போனாள். ஒரு இடத்தில் நிறுத்தி, எதையோ அழித்து, எதையோ அடித்தாள். கீழே போனாள், திரும்பவும் அழித்து அடித்தாள். ஐந்து இடத்தில் அப்படிச் செய்தாள்.

"என்ன மச்சாள், பிழை கிடக்கோ?" நிலக்சனாவின் குரல் கீச்சிட்டது.

"குழந்தை, குழந்தை எண்டு எழுதியிருக்கிறீர்," என்றாள் கஜனி. "பேர் வைக்காமல் மண்ணிலை தாட்டதாலை உங்கள் ஒருத்தருக்கும் தெரியாது. நான் வைச்சனான். ஏழாம் மாதமே வைச்சிட்டன்."

நாகபூசணி வாயைப் பொத்திக்கொண்டாள். தில்லைநாதன் நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். மருமகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டாமல் கேட்டார்.

"என்ன பேர் பிள்ளை?"

"ஆரூரன்," என்று சொல்லிவிட்டு, நாலு ஐம்பத்தெட்டுக்குக் கஜனி அதைத் தானே அனுப்பினாள்.